பிறை ஐந்து: ஆடி

வேம்புவுக்குக் கழித்தல் குறி என்றால் ஆகாது. அந்தச் சின்னக் கோட்டை அவர் அடிக்கடி பார்க்க நேர்ந்ததே ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான். கையால் கணக்கெழுதிய காலத்தில் நஷ்டம் என்பது தனக்கென்று ஒரு பத்தியில், மரியாதையாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் அப்படியில்லை. தொகைக்கு முன்னால் ஒரு கோட்டை இழுத்து, ஓரத்தில் துளை போட்ட தாளில் கரகரவென்று அச்சடித்து, இந்தா பார் என்று ஊருக்கே நீட்டிவிடும்.

மயிலாப்பூரில் சித்திரகுளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த ஆபீஸ். கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் கல்யாணராமனுடையது. முன்னறையில் மேஜைகள், பின்னால் கூடத்தில் கவிழ்த்து வைத்த அண்டாக்கள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் மூன்று தலைமுறைக் கல்யாணங்கள் அந்த அண்டாக்களில்தான் வெந்திருக்கின்றன.

வேம்பு அங்கே வந்து சேர்ந்தது கணக்கெழுத இல்லை, ரசம் பரிமாற. சாயங்காலக் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தார். பகலில் பந்தியில் நின்றால் சாப்பாடும் கையில் கொஞ்சம் காசும் கிடைக்கும். ஆனால் ரசம் பரிமாறுவதற்கு ஒரு குரல் வேண்டும். வேம்புவிடம் அது இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு இலைக்கு இலை நின்று, கேட்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சத்தில் கேட்காமலே நகர்ந்துவிடுவார். ஒருநாள் சம்பந்தி வீட்டார் வரிசை முழுவதும் சாம்பாரிலிருந்து நேரே மோருக்குப் போய்விட்டது. அது ஒரு சண்டையாக முடிந்திருக்க வேண்டியது. கல்யாணராமன் ஓடிவந்து, தன் கையாலேயே எல்லாருக்கும் ரசம் ஊற்றிவிட்டு, வேம்புவைத் தனியே அழைத்துப் போனார்.

“உனக்கு வாயே தேவைப்படாத வேலை ஒண்ணு இருக்கு. இலை எண்ணிண்டு நில்லு.”

கல்யாணச் சாப்பாட்டுக்கு இலைக் கணக்கில்தான் பில். எடுத்த இலைகளை எண்ண நம்பிக்கையான ஒருவர் வேண்டும். வேம்பு எண்ணினார். எண்ணியதோடு, எந்த இலையில் எது மீந்திருக்கிறது என்றும் பார்த்தார். அவியல் மீந்தால் சாயங்காலம் சமையற்காரரிடம், “தேங்கா கொஞ்சம் ஜாஸ்தியோ” என்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொண்ட சமையற்காரர்கள் பெயர் வாங்கினார்கள். பி.காம். முடிந்ததும் கணக்கு மேஜைக்கு வந்துவிட்டார். ஆனாலும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. தன் கல்யாணத்தில், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தபோதுகூட, பந்தியிலிருந்து வெளியே போகும் இலைகளை அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்ததாக அவர் மனைவி ஜானு இன்றைக்கும் சொல்வாள்.

கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஏப்ரல் மாதம். கல்யாணராமனின் பெண் மாளவிகா காஸ்டிங் என்ற செலவுக் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் கையால் எழுதினால் காலம் தள்ள முடியாது என்று வீட்டில் தினமும் சொல்லிச் சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். கணக்குப் பேக்கேஜ் போட்டுக் கொடுக்க தி.நகரிலிருந்து அப்துல் கரீம் வந்தார். உஸ்மான் ரோட்டில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, தானே எழுதிய பேக்கேஜைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுப்பவர். ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் இரண்டு ஃப்ளாப்பி டப்பாவும் ஒரு டிபன் டப்பாவும் இருக்கும். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் திறந்துவிடுவார்.

அந்த நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் பதிவைப் போட்டுவிட வேண்டும் என்பது கல்யாணராமனின் உத்தரவு. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். பட்ஜெட் தொகைகளை முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். எல்லாம் ஒன்றில் முடியும். சுபகாரியம் செய்கிறவர்கள் ஆயிரம் என்று எழுதலாமா, ஆயிரத்தொன்று என்றுதான் எழுத வேண்டும். கறிகாய், மளிகை, விறகு, வண்டி வாடகை எல்லாமே ஒன்றில் முடிந்தன. பூட்டு, சாவி ரிப்பேருக்குக்கூட ஐயாயிரத்தொன்று.

எல்லாத் தலைப்பையும் அடித்து முடிக்கும்போது கடிகாரம் பத்து இருபதைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் கரீம் கேட்டார்.

“சார், இந்த வருஷத் தொகைய மாசா மாசம் தனித்தனியா போடறீங்களா, இல்ல மெஷினே பன்னண்டா சமமா பிரிச்சுக்கட்டுமா?”

“தனித்தனியான்னா எவ்வளவு நாழியாகும்?” என்றார் கல்யாணராமன், கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல்.

“ஒவ்வொரு தலைப்புக்கும் பன்னண்டு தடவை அடிக்கணும். மத்தியானம் ஆயிடும் சார்.”

“ராகு காலத்துல உக்காந்து அடிக்கறதா? சமமாவே பிரிச்சுக்கட்டும். வேம்பு, ஆகட்டும்.”

திரையில், ஆமென்றால் ஒய், இல்லையென்றால் என் என்று கேட்டு ஒரு கட்டம் மினுக்கியது. வேம்பு ஒய்யை அழுத்தினார். ஐயாயிரத்தொன்று நானூற்றுப் பதினாறு ரூபாய் எழுபத்தைந்து காசுகளாகப் பன்னிரண்டு தடவை விழுந்தது. கல்யாணராமன் கற்பூரம் காட்டினார். ஏசி அறையில் கற்பூரம் காட்டினால் மெஷினுக்கு ஆகாது என்று கரீம் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டார்.

பெண் பார்க்கிற நேரத்திலிருந்து பாலும் பழமும் கொடுக்கிற நேரம் வரை பஞ்சாங்கம் பார்த்துப் பிழைப்பவர் கல்யாணராமன். வருஷத்தில் எந்த மாதம் அடுப்பு ஓயாது, எந்த மாதம் அண்டாவுக்குள் பூனை குட்டி போடும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தச் சந்தில் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் ராகு காலத்துக்குப் பயந்து வைகாசிக்கும் ஆடிக்கும் ஒரே அளவாகப் பட்ஜெட் போட்டுவிட்டார்.

முதல் இரண்டு மூன்று மாதம் கொண்டாட்டம்தான். பட்ஜெட் ஒப்பீடு என்று ஓர் அறிக்கை வரும். போட்ட தொகை, நடந்த தொகை, வித்தியாசம் என்று மூன்று பத்தி. சித்திரையும் வைகாசியும் கல்யாண மாதங்கள் இல்லையா, வருமானம் போட்டதைவிட எங்கேயோ போயிருந்தது. கல்யாணராமன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாட வீதியில் பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டினார். ஜூலையும் ஆகஸ்டும் வந்தன. வருமானத் தலைப்புகளில் வரிக்கு வரி கழித்தல் குறி. வேம்பு அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தடவை பார்க்காமல் ஃபைலில் போட்டார். “ஆடின்னா அப்படித்தான்டா இருக்கும்” என்று கல்யாணராமன் சிரித்ததோடு அது போயிற்று.

அடுத்த வருஷம் அப்படிப் போகவில்லை. பரீட்சை முடித்துவிட்டு மாளவிகா ஆபீசுக்கே வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வயது. வேகமாகப் பேசுவாள், வேகமாகச் சிரிப்பாள். விறகுப் புகையில் நின்று கண் கரிக்கும் சமையலை மாற்றி நீராவி பாய்லர் வைத்த ஒரு கிச்சன் போட வேண்டும் என்பது அவள் ஆசை. பேங்க்கில் கடன் கேட்டிருந்தாள். பேங்க்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: பட்ஜெட் ஒப்பீட்டு அறிக்கை, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும்.

ஆனி மாதம் நடுவில், ஒரு காலையில், அவள் அந்தத் தாளை வேம்புவின் மேஜையில் பரப்பினாள்.

“வேம்பு மாமா, இதைப் பாருங்கோ. ஜூலை, ஆகஸ்ட். ஒரு வரி பாக்கியில்லாம மைனஸ். வருமானத்துல மைனஸ் வந்தா நான் என்ன பண்ண முடியும்? ரோட்டுல போறவாளைப் பிடிச்சு ஆடில கல்யாணம் பண்ணிக்கோன்னு சொல்லவா? செலவைத்தான் குறைக்கணும்.”

“எந்தச் செலவு?”

அவள் விரல் ஒரு வரியில் நின்றது. ஆடிப்படி.

கல்யாணமே இல்லாத ஆடி மாதத்தில், கறிகாய் நறுக்கிப் பாத்திரம் தேய்க்கிற பத்துப் பெண்களுக்குக் கல்யாணராமன் பாதிக் கூலி கொடுப்பார். மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆனால் மார்கழியில் கச்சேரி நடக்கும் சபாக்களின் கேன்டீன் உண்டு. புரட்டாசியில் திவசச் சமையலும் நவராத்திரிச் சுண்டலும் உண்டு. ஆடி ஒன்றுதான் வெறும் மாதம். அவர் அப்பா காலத்தில் படி அளந்து அரிசியாகக் கொடுத்ததால் அதற்கு ஆடிப்படி என்று பெயர். ஆடி முதல் தேதி அதைக் கவரில் போட்டுக் கொடுப்பது வேம்புவின் வேலை. வருஷத்தில் அவர் ஆவலோடு காத்திருக்கும் ஒரே வேலை அதுதான்.

“எனக்கும் மனசு கேக்கலை மாமா,” என்றாள் மாளவிகா. “ஆனா பாய்லர் வந்தா அவாளுக்கும்தானே நல்லது? இந்த ஒரு வருஷம். ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி பேங்க்குக்குத் தாள் போகணும். சொல்லிடலாமா?”

வேம்பு கல்யாணராமனின் மேஜையைப் பார்த்தார். கல்யாணராமன் பஞ்சாங்கத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறாரோ என்றுகூட வேம்புவுக்குச் சந்தேகம். பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்த பிறகு குறுக்கே பேசுவதில்லை என்று அவர் ஒரு விரதம் வைத்திருந்தார்.

“சரிம்மா,” என்றார் வேம்பு.

சொல்லிவிட்டார். ஆனால் அன்று முழுவதும் வலது கைச் சுட்டுவிரல் உறுத்திக்கொண்டிருந்தது. ஒய்யை அழுத்திய விரல்.

அந்த வாரம் அபிராமபுரத்தில் ஒரு கல்யாணம். முன்பணம் வாங்குகிற சாக்கில் வேம்பு மண்டபத்துக்குப் போனார். பின்கட்டில் தேவானையும் மற்றப் பெண்களும் அரிவாள்மணையோடு உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கால்வாய்க் கரைக் குடிசைகளிலிருந்து வருபவர்கள். அவர்களுக்குத் தலைவி என்று யாரும் தேவானையை நியமிக்கவில்லை. அவள் குரலே நியமித்துவிட்டது.

“இன்னா கணக்கய்யரே, மூஞ்சி ஊதிகினு கீது? ஊட்ல சண்டையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை.”

“இந்த வாட்டி ஆடிக்கு அம்மனுக்குக் கூழு ஊத்தறது எங்க தெரு மொற. கேவுருக்குச் சொல்லிட்டேன். படி உண்டில்ல?”

வேம்பு ஒரு பூசணித் துண்டைக் குனிந்து எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார். “பாக்கலாம்.”

தேவானை அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள்.

“பாக்கலாமா? எப்ப கேட்டாலும் உண்டுன்னுதான சொல்லுவ. இன்னா புதுசா பாக்கறே?” தேவானை அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பூசணிக்காயைப் பார்த்துத்தான் பேசினாள். “எங்க தெருவுல பாதிப் பொண்ணுங்க கிண்டில எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்க்கினு கீதுங்க. ஆடில வேலைக்கு ஆள் எடுப்பான். போனா திரும்பி வர மாட்டோம், அதையும் சொல்லிட்டேன். ஆவணி மொத மூர்த்தத்துக்கு நீதான் குந்திகினு பூசணிக்கா நறுக்கணும்.”

“நறுக்கறேன்.”

“நறுக்குவ, நறுக்குவ. ஒனக்குத்தான் வேணாம்னு சொல்லத் தெரியாதே.”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வேம்புவும் சிரித்தார்.

ஆதம்பாக்கத்து வீட்டில் ஜானு சாப்பாடு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். துளித் துளியாகத்தான் வந்தது. கடைசியில் அந்த ஒய்யும் வந்தது.

“எதைக் கேட்டாலும் சரின்னுடுவேள். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்கம்மா ‘காப்பி ஆறிப் போயிடுத்தா’ன்னு கேட்டா. அதுக்கும் சரின்னேள். மனுஷாகிட்டதான் அப்படின்னா, மெஷின்கிட்டயுமா?”

“ராகு காலம் வந்துடுத்து.”

“ராகு காலம் ஒண்ணரை மணி நேரத்துல போயிடும். நீங்க அழுத்தினது வருஷம் பூரா நிக்கறதே. போட்டுக் குடுத்தவரைப் போய்க் கேளுங்கோளேன். கேட்டா என்ன, கடிச்சுடுவாரா?”

மறுநாள் மத்தியானம் வேம்பு 12பி பஸ் பிடித்துத் தி.நகர் போனார். உஸ்மான் ரோட்டில் ஆடித் தள்ளுபடிக்கு இப்போதே துணிப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஒரு தொழில் படுத்துக்கொள்கிற மாதத்தில் இன்னொரு தொழில் எழுந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினார்.

கரீம் ஒரு துணிக்கடைக்கான அறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வேம்புவைப் பார்த்ததும் டீ சொன்னார். வேம்பு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி, சித்திரையில் ஆரம்பித்து ஆடிக்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிட்டது. கேட்டு முடித்துவிட்டுக் கரீம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“நீங்க ஆடின்றீங்க. பாஷா பாய் ரம்ஜான்னாரு. அவ்ளோதான் சார் வித்தியாசம்.”

“எந்த பாஷா?”

“மெஹபூப் பாஷா. திருவல்லிக்கேணில கல்யாண பிரியாணி காண்ட்ராக்ட். ரம்ஜான் மாசத்துல கல்யாணம் கிடையாது, தேக்சா எல்லாம் கவுந்து கிடக்கும். அது ஒரே எடத்துல நின்னாலும் பரவால்ல, வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி நவுந்துக்கினே போவும். உங்க ஆடியாவது ஜூலைல ஒழுங்கா உக்காந்துகினு கீது. மனுஷன் தாளைத் தூக்கிக்கினு இங்கயே வந்துட்டாரு. ‘இன்னா நைனா, நோம்பு மாசத்துல பிரியாணி விக்கலன்னு உன் மெஷினு என்னை வைய்து’ன்னாரு.”

“நீங்க என்ன பண்ணேள்?”

“அவரு மாசத்தை அவரே போட்டுக்கற மாதிரி ஒண்ணு எழுதினேன். எந்தத் தேதிலேந்து எந்தத் தேதி வரைக்கும், அதுக்கு என்ன பேரு, அதுக்கு எவ்ளோ பட்ஜெட். நாம சொல்ற மாசத்துக்கு அது ஒப்பீடு பண்ணிக் குடுக்கும்.”

வேம்பு தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதை எங்களுக்கும் எழுத எவ்வளவு ஆகும்?”

“எழுதறதா? உங்க மெஷின்லயே கீது சார். எல்லாருக்கும் சேர்த்துத்தான் போட்டுக் குடுத்தேன். ரிப்போர்ட் மெனுல கடைசி வரி. பிறைன்னு இங்கிலீஷ் எழுத்துல இருக்குமே.”

வேம்புவுக்கு அந்த வரியைத் தெரியும். தினமும் பார்ப்பார். யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவு மாதிரி அது அங்கே இருந்தது. நமக்கில்லை என்று நினைத்து, ஒருநாளும் அவர் அதைத் திறந்ததில்லை.

“பாஷா பாய்க்காக வச்ச பிறைன்ற பேரை மட்டும் மாத்த முடியாது சார், சொல்லிட்டேன்,” என்றார் கரீம். “பேரு எழுதின ஃப்ளாப்பி பூஞ்சை புடிச்சுப் போச்சு. தாள்ல பிறை ஒண்ணு, பிறை ரெண்டுன்னுதான் வரும். உங்க முதலாளி ஒத்துப்பாரா?”

“தெரியலை. நீங்க வந்து சொன்னேள்னா...”

“வரேன். தேதி போட்டுத் தரேன். ஆனா சொல்றது நீங்கதான். மெஷினைப் பத்தி நான் பேசுவேன். ஆடியப் பத்தி நான் இன்னா சார் பேசறது?”

கரீம் வந்தது புதன்கிழமை. அன்று ஆபீசுக்கு வரும் வழியெல்லாம் வேம்பு நான்கு வாக்கியங்களை மனசுக்குள் கோத்து வைத்திருந்தார். மாளவிகாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றதும் மூன்று உதிர்ந்துபோயின.

“மாளு, நான் ஒரு சாவியைத் தப்பா அழுத்திட்டேன்.”

“எந்தச் சாவி மாமா? அலமாரியா?”

“ஒய்.”

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னார். பாதி சொல்லும்போதே அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

“பன்னண்டால வகுத்துதா? ஆடிக்கும் வைகாசிக்கும் ஒரே தொகையா? நான் இத்தனை நாளா இதைப் பாக்கவேயில்லையே. வித்தியாசத்தைப் பாத்தேன், போட்ட தொகையைப் பாக்கலை.” பிறகு மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். “அப்பா.”

பஞ்சாங்கம் உயர்ந்தது.

“அப்பா, அடுப்பு மூட்ட நாள் பார்ப்பேள், கரண்டி வாங்க நாள் பார்ப்பேள். பட்ஜெட் போடறச்சே மட்டும் கடிகாரம் பாத்தேளா?”

“பத்தரைக்கு ராகு காலம்டீ. நான் என்ன பண்ணட்டும்?” என்றது பஞ்சாங்கத்துக்குப் பின்னாலிருந்து குரல். “இன்னிக்குப் பன்னண்டுக்குத்தான். இப்பவே உக்காந்தா நிதானமாப் பண்ணலாம்.”

நால்வரும் திரையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கல்யாணராமன் பஞ்சாங்கத்தைப் பிரித்து மாதப் பிறப்புகளை வாசித்தார். கரீம் அடித்தார். ஏப்ரல் முதல் தேதி பங்குனி முடியவில்லை என்பதால் முன்னால் ஒரு துண்டுப் பங்குனி, கடைசியில் ஒரு துண்டுப் பங்குனி.

“பதிமூணு வரதே,” என்றாள் மாளவிகா.

“பாஷா பாய்க்கும் பதிமூணுதான் மேடம். அவருக்குத் துண்டு வேற எடத்துல விழும்.”

கல்யாணராமன் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். “இதென்ன, பிறைன்னு போட்டிருக்கு?”

கரீம் பூஞ்சை பிடித்த கதையைச் சொன்னார். கல்யாணராமன் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார்.

“இருக்கட்டும். மூணாம் பிறை பாக்கறது எங்களுக்கும் விசேஷம்தான். மேல படிக்கவா?”

மாளவிகா முகூர்த்தங்களைப் பார்த்துப் பார்த்து வருமானத்தைப் பங்கிட்டாள். வைகாசியில் அவள் கை தாராளமாக ஓடியது. மார்கழியில் சபா கேன்டீன். ஆடிக்குப் பதினெட்டாம் பெருக்குச் சித்திரான்ன ஆர்டர் மட்டும். எல்லாத் தொகையும் ஒன்றில்தான் முடிந்தது, அதில் கல்யாணராமன் விட்டுக் கொடுக்கவில்லை. அப்படியே செலவுத் தலைப்புகளில் இறங்கி, பிறை ஐந்து, ஆடிப்படி என்ற இடத்தில் வந்து நின்றார்கள். கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

மாளவிகா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“இதை நீங்களே போடுங்கோ மாமா. பூஜ்யமும் போடலாம், தொகையும் போடலாம். ஆனா பேங்க்காரர் கேட்டா நான் ஒரு காரணம் சொல்லணும். வேலை இல்லாத மாசத்துக்குக் கூலி எதுக்குன்னு கேப்பார். என்ன சொல்லட்டும்?”

வேம்பு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரச வாளியோடு இலைக்கு முன்னால் நின்ற அதே கூச்சம் காதுவரை ஏறியது.

“ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பூசணிக்கா என்னைத்தான் நறுக்கச் சொல்லிட்டா தேவானை.”

“உங்களையா?”

“அவாள்ளாம் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போயிடுவாளாம். நான் நறுக்கறேன்னு சொல்லிட்டேன்.”

கல்யாணராமன் பஞ்சாங்கத்தைக் கீழே வைத்துவிட்டார். “நீ நறுக்கி நான் பந்தி போடறதா. ஆவணில கல்யாணம் பண்ணிக்கறவா கார்த்திகைலதான் சாப்பிடணும்.”

மாளவிகா சிரித்துக்கொண்டே ஒரு தாளில் எதையோ குறித்தாள். சிரிப்பு அடங்கியபோது அவள் முகம் கணக்குப் போடும் முகமாகியிருந்தது. “அப்ப இது ஆடிக் கூலியே இல்லை. ஆவணிக் கூலி. ஆடில குடுக்கறோம், அவ்வளவுதான். இதைச் சொன்னா பேங்க்காரருக்கே புரியும். போடுங்கோ மாமா.”

வேம்பு சுட்டுவிரலால் ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் ஒரு ஒன்று. மாளவிகா குனிந்து பார்த்தாள்.

“போன வருஷத்தைவிட ஜாஸ்தியா இருக்கே.”

“இந்தத் தடவை கூழ் ஊத்தற முறை அவா தெருவுக்கு.”

கரீம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணராமனுக்குத் திடீரென்று பஞ்சாங்கத்தில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது. மெஷின் கேட்டது, ஒய்யா, என்னா. வேம்பு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாளவிகாதான் எட்டி ஒய்யை அழுத்தினாள்.

பேங்க்குக்கு அவள் பழைய ஒப்பீட்டையும் புதியதையும் சேர்த்தே அனுப்பினாள். மறைத்தால்தான் கேள்வி வரும் என்பது அவள் கட்சி. பேங்க்காரர் ஃபோனில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார், இந்தப் பிறை என்றால் என்ன. “அது எங்க மாசம் சார்,” என்றாள். கடன் தீபாவளிக்கு முன்னால் வந்தது.

ஆடி முதல் தேதி காலையில் பத்துப் பெண்களும் சந்தில் வரிசையாக நின்றார்கள். வேம்பு கவர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். தேவானை கவரைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தாள்.

“இன்னா கணக்கய்யரே, பாக்கலாம்னியே. பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஜாஸ்தி கீது. எண்ணத் தெரியலியா ஒனக்கு?”

“தெரியும்.”

அவள் கவரை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆடி முடிந்ததும் ஒப்பீடு அச்சாகி வந்தது. பிறை ஐந்தில் கழித்தல் குறி ஒன்றுகூட இல்லை. ஆடிப்படி வரியில் மட்டும் ஒரு ரூபாய் மிச்சம். சுபத்துக்காகப் போட்ட ஒன்று. வேம்பு அந்தத் தாளை ஃபைலில் போடுவதற்கு முன் இரண்டு தடவை பார்த்தார்.

அதற்கு முன்பே, ஆடி மூன்றாம் ஞாயிறு தாண்டிய திங்கட்கிழமை, தேவானை ஒரு பெரிய தூக்குச் சட்டியோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கேழ்வரகுக் கூழ், மேலே மிதக்கிற சின்ன வெங்காயம். வெங்காய வாசனை உள்ளே அண்டா வரை போயிற்று. கல்யாணராமன் பஞ்சாங்கத்தைத் தூக்கினார்.

“கணக்கய்யரே, அம்மன் கூழு. குடிப்பியா, இல்ல ஆச்சாரமா?”

வேம்பு வாசல் படியில் நின்றுகொண்டே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். புளித்துக் குளிர்ந்து நெஞ்சில் இறங்கியது. இன்னொன்று ஊற்றட்டுமா என்றாள். சரி என்றார். மூன்றாவதற்கும் சரி என்றார். தேவானை ஊற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“மாளும்மா, ஒரு டம்ளரு எடுத்துகினு வா. இவரு வேணாம்னு சொல்ல மாட்டாரு, நாமதான் பாத்து நிறுத்தணும்.”